சொன்ன எடைக்கு மேல் ஒரு பட்டை

பூபதிக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அது கைக்கு வருவதற்குள் ரோட்டைத் தாண்டிப் போய், எவனோ நிறுத்தியிருக்கும் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். சொந்த மச்சினன் கல்யாணத்தில், இலை போட்டுப் பொரியலும் வைத்த பிறகு பந்தியை விட்டு எழுந்து போய், மண்டபத்து வாசலில் நின்ற டெம்போவின் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்த மனிதர் அவர். கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்த ஆளு என்று மாமனார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகை போட்டு ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்கும் டெம்போவுக்கும் அடியில், வில்லாக வளைந்து அடுக்கடுக்காக இருக்கிறதே இரும்புப் பட்டை, அதை அடித்து வளைத்து அடுக்கிக் கட்டித் தருவது தொழில். பட்டறைக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைப் போட்ட நாளிலிருந்து அவருடைய காதுக்கு ஓய்வில்லை. ஒரு வண்டி அதில் ஏறி இறங்கும் சத்தத்தை வைத்தே, தலையைத் திருப்பாமல், இடது பின்பக்கம் மெயின் பட்டை விரிசல் விட்டிருக்கிறது என்பார். பத்தில் ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் பழைய பரபரப்பு. ஊர் அறிந்தது. ஆனால் இந்த ஆடி மாதத்தில் அவருக்கு வந்த பரபரப்பு வேறு மாதிரி. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரை மணிக்குப் பச்சை ஜீப் ஒன்று மலைக்குப் போகும். உயரத் தூக்கிக் கட்டிய ஜீப், பெரிய பெரிய டயர். அது தூரத்தில் வரும் சத்தம் கேட்டதும் பூபதி கிரைண்டர் மிஷினைப் போட்டுவிடுவார். தீட்டுவதற்கு எதுவும் இருக்காது. அந்த ஜீப் வேகத்தடையில் ஏறும் சத்தம் தன் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நாமக்கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

பூபதி பதினாறு வயதில் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊரில் லாரி முதலாளி ஒருவர் வந்து, "பத்து டன்னுக்குப் பட்டை கட்டு" என்றால், கட்டுகிறவன் பதினைந்து டன்னுக்குக் கட்டுவான். எந்த முதலாளியும் நிஜ எடையைச் சொல்வதில்லை என்பது பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்து நீ சொல்வது பொய் என்று கேட்கவும் முடியாது, நாளைக்கு அவன் வேறு பட்டறைக்குப் போய்விடுவான். அதனால் தலையை ஆட்டிவிட்டு, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் சத்தமில்லாமல் ஒரு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டிவிடுவார்கள். அவனும் கேட்க மாட்டான், இவர்களும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் பொய், நடுவில் வண்டி மட்டும் நன்றாக ஓடும்.

இருபத்து நான்கு வயதில் பூபதிக்கு இது பிடிக்கவில்லை. ஒரு முதலாளி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், பத்து டன்னுக்கு மேல் ஒரு மூட்டை ஏற்ற மாட்டேன் என்று. பூபதி நம்பினார். சொன்ன எடைக்குச் சரியாகக் கட்டிக் கொடுத்தார். பதினாறு டன் இரும்போடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மெயின் பட்டை முறிந்தது. ஓட்டிய சின்னானுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. முதலாளி பட்டறைக்கு வந்து, பத்து டன் தாங்காத பட்டையைக் கட்டிய கை எது என்று தெருவே கேட்கக் கத்தினார். தெருவும் அவரைத்தான் நம்பியது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போன பூபதியைப் பார்த்துச் சின்னான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் மறந்திருக்கும். அந்த முகம் திரும்பியது மறக்கவில்லை.

அன்றிலிருந்து யார் எது சொன்னாலும் பூபதி அதற்கு மேல் ஒரு பட்டை வைத்தே கேட்டார். வண்டிக்காரனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவி அறிவுமதி விருந்துக்குப் பத்துப் பேர் என்றால் பதினைந்து பேருக்குக் கறி எடுத்து வருவார். பஸ் ஐந்து மணிக்கு என்றால் நான்கு மணிக்கே போய் நின்று ஸ்டாண்டை அளப்பார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் கனிஷ்கா பன்னிரண்டாம் தேதி பரீட்சை முடிகிறது என்றாள், பத்தாம் தேதியே ஹாஸ்டல் வாசலில் போய் நின்று அந்தப் பெண்ணின் மானத்தை வாங்கினார். டாக்டர் அரை மாத்திரை போதும் என்றதை முழு மாத்திரையாகப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்ததும் உண்டு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது பட்டறைப் பழக்கம், அதைவிடக் கெட்டி.

இந்த மனிதரிடம்தான் ரஞ்சிதா வந்து சேர்ந்தாள்.

அயோத்தியாப்பட்டணத்துக்காரி, முப்பது வயது இருக்கும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மளிகைக் கடைகளுக்கு லோடு ஆட்டோவில் முட்டை போட்டுக்கொண்டிருந்தவள். நாமக்கல் பண்ணைக்காரர் ஒருவர், மலையில் ஏழு ஊர்க் கடைகளுக்கு முட்டை கொண்டுபோகும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை, நூற்றுக்கு ஒரு முட்டைக்கு மேல் உடையக்கூடாது. மூன்று வாரம் பார்ப்பார், சரிப்படாவிட்டால் வேறு ஆள். ரோடு பாதி மலைவரைதான். பிறகு பாறையும் இரண்டு ஓடையும். அதற்காகத்தான் இருந்த நகையை விற்று அந்தப் பழைய ஜீப்பை வாங்கியிருந்தாள். முதல் தடவை சும்மா ஏறிப் பார்த்தபோதே ஜீப்பின் வயிறு பாறையில் உட்கார்ந்து, வண்டி அரைநாள் அசையவில்லை.

"நாலு இஞ்ச் தூக்கணும்ணா. நாலே நாலு இஞ்ச். அதுக்கு மேல வேணாம், வளைவுல சாஞ்சிரும்" என்றாள்.

"தூக்கிரலாம் அம்மிணி. கனமான பட்டையாப் போட்டு வளைச்சுட்டா மலையே மேல உழுந்தாலும் தாங்கும்."

"மல உழுவாதுண்ணா. முட்டதான் ஏத்தறேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு நோட்டுத் தாளைப் பிரித்தாள். "கனமான பட்ட வேணாம். மெல்லுசா ஆறு பட்ட, நல்ல வளைவா. நிக்கறப்ப ஒசரமா நிக்கணும், கல்லுல ஏறுனா கயித்துக் கட்டிலு மாதிரி அமுங்கிக் குடுக்கணும். சாக்கப்சர் இந்த நீளம். வண்டியத் தூக்குனா பழசு எட்டாது. சக்கரம் பள்ளத்துல எறங்கறப்ப அது முழுசா நீண்டு நின்னுக்கும், சக்கரத்தத் தரையத் தொட வுடாது. அங்கதான் வண்டி ஒதறுது."

சுருங்கினால் எவ்வளவு, நீண்டால் எவ்வளவு என்று இரண்டு அளவும் தாளில் இருந்தன. ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, மறு சக்கரத்தைத் தொங்கவிட்டு, டேப் வைத்து அளந்திருக்கிறாள். பூபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் பழகிய லாரிகளில் பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டியவர்களே அதிகம். அவருக்கு அது ஒரு நகை மாதிரி, இருந்தால் அழகு. பட்டை தூக்கிப் பிடிக்கும், அது துள்ளாமல் இந்த ஷாக் அடக்கும், இரண்டும் ஜோடிப் பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு முட்டைக்காரி வந்து சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ரோஷமாகவும் நிறைய மரியாதையாகவும் இருந்தது.

"எடை எவ்வளவு ஏத்துவ?"

"முந்நூறு கிலோ. நூறு அட்ட முட்ட, நானு, ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, தண்ணிக் கேனு எல்லாஞ் சேத்து. அதுக்கு மேல ஒரு கிலோ ஏத்த மாட்டேன்." சொன்னதோடு விடாமல், எடைமேடைச் சீட்டையும் எடுத்து நீட்டினாள். எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்தி எடை போட்டிருக்கிறாள்.

அந்தச் சீட்டை அவள் காட்டாமல் இருந்திருக்கலாம். நாமக்கல்லில் பூபதி பார்த்த பொய்களிலேயே பெரிய பொய் எல்லாம் எடைமேடைச் சீட்டில்தான் அச்சாகி வந்தது. சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "செரி அம்மிணி, அப்படியே கட்டிரலாம்" என்றார்.

முன்பக்கம் அப்படியேதான் கட்டினார். பின்பக்கம் ஆறு மெல்லிய பட்டைகளை அடுக்கி, நடு போல்ட்டைக் கோத்தபோது ரஞ்சிதா எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனாள். எந்த முதலாளியும் டீ குடிக்கப் போகும் அதே நேரம். பூபதியின் கை தானாக அலமாரிக்குப் போனது. இன்றைக்கு முட்டை என்பாள், நாளைக்கு மலையிலிருந்து இறங்கும்போது சும்மா வருவானேன் என்று மிளகு மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றுவாள், பத்து ஆளும் தொற்றிக்கொள்ளும். மலை ரோட்டில் ஒரு பெண் ஓட்டுகிற வண்டியில் பட்டை முறிந்தால்? அவர் கனத்த பட்டை ஒன்றை எடுத்து இடது பக்கம் அடியில் வைத்தார். வலது பக்கம் இன்னொன்று. முறுக்கி முடித்து, மேலே கிரீஸ் தடவிக் கையைத் துடைத்தபோது அவருக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. பிள்ளைக்கு ஒரு காரியம் செய்த மாதிரி இருந்தது.

அவள் கேட்ட ஷாக் அப்சார்பரையே மாட்டினார். அது மெல்லிய பட்டைக்குத் தோதானது. கனத்த பட்டை எம்பி உதைத்தால் அதை அடக்கும் பலம் அதற்குக் கிடையாது.

ஜீப் புறப்பட்டு வேகத்தடையில் ஏறியது. மெல்லிய பட்டையாக இருந்தால் தொம் என்று ஒரே சத்தம் வந்து அடங்கியிருக்கும். தட் என்றது, பிறகு தடதடவென்று மூன்று தடவை துள்ளியது. பூபதியின் காதுக்கு அது போதும். கையைத் தட்டிக் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள், இருபதடி கூடப் போகவில்லை. அவர் கூப்பிடவில்லை. லோடு ஏறினால் படிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

லோடு ஏறியும் படியவில்லை. முந்நூறு கிலோ அந்தப் பட்டைக்கு எந்த மூலைக்கு?

மூன்றாவது தடவை மலைக்குப் போய்வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரஞ்சிதா பட்டறையில் வண்டியை நிறுத்தினாள். அவள் இறங்குவதற்கு முன்பே நாற்றம் இறங்கியது. ஜீப்பின் பின்தரை முழுக்க மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. முதல் தடவை உடைந்தது இருநூற்றுப் பத்து முட்டை, பிறகு நூற்றெண்பது, இன்றைக்கு நூற்று அறுபது. பண்ணைக்காரர் சொன்ன கணக்குக்கு மூவாயிரத்தில் முப்பதுதான் உடையலாம்.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பூபதி தயாராக நின்றார். அவள் சண்டை போடவில்லை.

"நான் ஓட்டறதுதாண்ணா தப்பு" என்றாள். "வைக்கோல் போட்டுப் பாத்தேன். ஊட்டு மெத்தைய அறுத்துப் போட்டுப் பாத்தேன். ஒரு மணி நேரத்துல ஏறுற எடத்துல மூணு மணி நேரம் ஏறுறேன். எனக்கு இந்த வண்டி வசப்படல போல. கிளட்ச எப்படி வுடணும்னு சொல்லிக் குடுங்க. பண்ணக்காரரு வர்ற வெள்ளிக்கெழம பாத்துட்டு, செரியில்லன்னா வேற ஆளு போட்டுக்கறேன்னுட்டாரு."

இதோ, உண்மையைச் சொல்லப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஒரு நேரம். பூபதி வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது இது: "புதுப் பட்டை அம்மிணி. கொஞ்சம் ஓடிப் பழகோணும். சரியாப் போயிரும்."

"பழகிருமாண்ணா?"

"பழகிரும்."

அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. அவர் சொன்னதை அவள் சொன்ன எடைக்கே எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் கிரைண்டரைச் சும்மா ஓட விட்டார். அப்படியும் அந்தத் தடதட காதில் விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? அன்று முழுக்க ஒரு டிப்பருக்கு இடது பக்கப் பட்டையை வலது பக்கம் கட்டினார், கழற்றினார், மறுபடியும் அதையே கட்டினார். நான்கு தடவை டீ சொல்லி நான்கையும் ஆறவிட்டார்.

வீட்டிலும் அதே கதை. தோசையைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி எழுந்தார். அறிவுமதி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்தவள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, உக்காந்து தின்னுட்டுச் சொல்லுங்க, இல்ல சொல்லிட்டுத் தின்னுங்க. இந்த நடை எனக்கு ஆகாதுங்க."

அவர் சொன்னார். எடைச்சீட்டு, டீ, பட்டை, பழகிரும் என்று சொன்னது வரை. சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் புள்ள நல்லதுக்குத்தான் வெச்சேன். முறிஞ்சு கிறிஞ்சு போச்சுன்னா?" என்றார்.

"எனக்கும் நல்லதுக்குத்தான் வெக்கறீங்க. பத்துப் பேருன்னா பதினஞ்சுக்கு வாங்கிட்டு வாரீங்க, மிச்சத்த மூணு நாளைக்கு நாந்தான் திங்கறேன். தலை வலிக்குதுன்னு சொன்னாக்கூட, நெசமா இருக்குமான்னு என் மூஞ்சியப் பாக்கறீங்க. இருவது வருசமா உங்ககிட்ட நெசத்தச் சொல்லிச் சொல்லி எனக்குச் சலிச்சுப் போச்சுங்க. நான் என்ன லாரி மொதலாளியா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பூபதிக்கு அது உள்ளே போனது. சின்னான் முகத்தைத் திருப்பியதற்குப் பிறகு அவருக்கு வலித்த வலி இதுதான். தட்டில் இருந்த தோசையைத் தின்று முடித்தார். எத்தனை தின்றார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை ரஞ்சிதாவின் நம்பரைப் போட்டார், மணி அடிப்பதற்குள் அணைத்தார். நம்பாமல் ஒரு காரியம் செய்தேன் என்பதைக் கையளவு டப்பாவில் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு, அவளைத் தேடிச் செவ்வாய்ப்பேட்டைக்கே போனார். வியாழன் அவளுக்குச் சந்தில் முட்டை போடும் நாள்.

மூட்டை இறக்குகிறவர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் அவள் வந்துகொண்டிருந்தாள். இடது கையில் பத்து அட்டை முட்டை, தாடையால் மேல் அட்டையை அழுத்திக்கொண்டு. எதிரே டவுன் பஸ் ஒன்று ஒதுங்கவும், பின்னால் வந்த சைக்கிள்காரர் அவள் தோளில் மோதினார். அவள் உடம்பு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, முட்டை அடுக்கு சாயவில்லை. கடைப்படியில் இறக்கி வைத்துவிட்டு, சைக்கிள்காரரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஒன்றுகூட உடையவில்லை. இந்தக் கைக்கா முட்டை உடைக்கத் தெரியும்? அவர் அப்படியே திரும்பி நடந்து வேறு சந்து வழியாக பஸ் ஏறிவிட்டார். எதிரே போய்ப் பேசும் தைரியம் அப்போதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே பட்டறையைத் திறந்தார். ஜாக்கி, ஸ்பேனர், கட்டைகள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக எடுத்து வைத்தார். வேகத்தடைக்கும் பட்டறைக்கும் நடுவில் நூறு தடவை நடந்தார். ஒன்பதே காலுக்கே ஜீப் வந்தது. கடைசி நாள் என்பதால் சீக்கிரம் கிளம்பியிருக்கிறாள். பூபதி ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றார்.

"வண்டிய உள்ள உடு அம்மிணி."

"ஐயோ, இன்னைக்கு வேணாம்ணா. கடைசி நாளு. பன்னெண்டுக்குள்ள மேல இருக்கணும்."

"நீ ஓட்டறதுல தப்பில்ல. ரெண்டு பக்கமும் நீ கேக்காத பட்டை ஒண்ணு ஒண்ணு இருக்குது. நாந்தான் சொல்லாம வெச்சேன். பழகிருமுன்னு சொன்னதும் பொய்யி."

ரஞ்சிதா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அவள் வண்டியைப் பட்டறைக்குள் விட்டு, எஞ்சினை அணைத்து, இறங்கினாள்.

"எடச்சீட்டக் காட்டுனனே."

"காட்டுன."

"நம்பலியா?"

"நம்பல."

"ஏன்?"

சின்னானைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தார். அது இவளுக்குப் பதில் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பொய் சொன்ன முதலாளி வேறு ஆள், இவள் வேறு ஆள். "யாரையும் நம்பறதில்ல அம்மிணி. அது என் கோளாறு" என்றார்.

"ரெண்டு வாரமா நான் தூங்கலண்ணா" என்றாள் ரஞ்சிதா. அழவில்லை, கோபம்தான். "ஒவ்வொரு கல்லுல ஏறுறப்பவும் என் கிளட்ச்சுக் காலத்தான் திட்டிக்கிட்டேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு ஊர்ல கேட்டாங்க, அவங்க சொன்னது செரின்னுகூட நெனச்சிட்டேன். நீங்க பழகிரும்னு சொன்னத நம்பித்தான் செவ்வாக்கெழமையும் ஏத்திட்டுப் போனேன்."

பூபதி தலை குனிந்து நின்றார். முட்டை அட்டையை இறக்கக் கை நீட்டியபோது, "அத நீங்க தொடாதீங்க" என்றாள். நூறு அட்டையையும் அவளே இறக்கினாள்.

வண்டியைத் தூக்கி, யூ போல்ட்டைத் தளர்த்தி, நடு போல்ட்டை உருவி, அந்தக் கனத்த பட்டையை வெளியே இழுத்தார். மறுபக்கமும் அப்படியே. முதுகு முழுக்க வியர்வை, கையில் தோல் உரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் சொல்லாமல் கூடுதலாக வைத்த பட்டை ஒன்றை அவரே கழற்றுவது இதுதான் முதல் தடவை. ரஞ்சிதா தலைமாட்டிலேயே நின்று ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒசரம் கொறையுமா? பாற தட்டுமா?"

"அரை இஞ்ச் எறங்கும். தட்டாது." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீ கேட்டது நாலு இஞ்ச். நாலரை வெச்சிருந்தேன். இப்பத்தான் நாலுல நிக்குது."

அவள் டேப்பை எடுத்துத் தானே அளந்தாள். நான்கு. தலையை மட்டும் ஆட்டினாள்.

முட்டையை மறுபடி ஏற்றி முடித்தபோது மணி பத்தே முக்கால். பூபதிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "நானும் கூட வாரேன் அம்மிணி. பின்னால உக்காந்து அட்டையப் புடிச்சுக்கறேன். மேல வரைக்கும்" என்றார்.

ரஞ்சிதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எவ்வளவு இருப்பீங்க?"

"எழுபத்தெட்டு."

"அப்ப முந்நூத்தி எழுவத்தெட்டு ஆயிரும்" என்றாள். "நான் முந்நூறுதான் சொல்லியிருக்கேன்."

ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். ஜீப் வேகத்தடையில் ஏறியது. தொம். அவ்வளவுதான். பின்னால் துள்ளவில்லை, முக்கவில்லை, குனிந்து நிமிர்ந்து மலை ரோட்டைப் பார்க்கப் போனது.

அன்று பகல் முழுக்க அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. இறங்கி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வாசலுக்கு வந்தார். கீரை வேன், பால் வண்டி, டூரிஸ்ட் கார். நேரம் போனதே, கடைக்காரர்கள் வாங்கினார்களோ, ஓடையில் தண்ணீர் ஏறியிருக்குமோ, நாலு இஞ்ச் போதுமோ. அலமாரியில் திரும்ப வைத்த இரண்டு பட்டைகளையும் பார்க்கப் பிடிக்காமல் மேலே சாக்கைப் போட்டு மூடினார். அறிவுமதி போன் செய்து, வர ஏழு மணி ஆகும் என்றாள். எட்டாகும் என்று நினைத்துக்கொண்டு, பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பச்சை ஜீப் இறங்கியது. அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். வேகத்தடைக்கு முன்னால் ஓரம் கட்டினாள், எஞ்சினை அணைக்கவில்லை.

"நாலு" என்றாள்.

நாலு இஞ்சைச் சொல்கிறாளோ என்று பூபதி பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"நாலு முட்ட ஒடஞ்சுது. பண்ணைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். நீயே ஓட்டுன்னுட்டாரு." முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் அது அவருக்காக இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே மஞ்சளும் ஓடுமாக ஏதோ கலங்கியது. "நாலும் இதுல இருக்கு. சொன்னா நம்ப மாட்டீங்க, அதான் எடுத்துக்கிட்டு வந்தேன். எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் வாங்கிக்கொண்டார். ஜீப் வேகத்தடையைத் தாண்டி அயோத்தியாப்பட்டணம் பக்கம் திரும்பும் வரை பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மனசு, பழைய நாமக்கல் மனசு, ஆறாக இருக்குமோ எட்டாக இருக்குமோ என்று முனகத்தான் செய்தது. பட்டறைக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தடியில் குழி பறித்து, முடிச்சை அவிழ்க்காமல், அந்தப் பையை அப்படியே புதைத்தார்.